ஒரு பிளேடு எத்தனை சவரத்துக்குத் தாங்கும்?

பினாங்கில் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் நண்பர் கேட்டிருப்பது இது. கார்ட்ரிட்ஜ் (பல பிளேடு பொருத்திய மாற்றுத்தலை) விலை கட்டுப்படியாகவில்லை என்று இருபக்க பிளேடு போடும் பழைய மாதிரி ரேஸருக்கு மாறிவிட்டார். எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்று பிளேடு உறையில் எதுவும் போடவில்லை. கூட வேலை செய்பவர் மூன்று தடவைக்கு மேல் வைக்காதே என்கிறார். அப்பாவோ ஒரே பிளேடை ஒரு மாதம் ஓட்டியவர். இவருக்கு நான்காவது நாளே பிளேடில் பழுப்புப் புள்ளி தெரிகிறது, தாடைப் பக்கம் முடியைப் பிடித்து இழுக்கிறது. எது சரி, துருப்பிடித்த பிளேடு ஆபத்தா என்பது கேள்வி. எண்ணிக்கை கேட்பதுபோலத் தெரிந்தாலும் இதில் இரண்டு சங்கதி இருக்கிறது: பிளேடின் ஆயுள் முடிந்ததை எப்படிக் கண்டுகொள்வது, தன் பிளேடு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது.

எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டெயின்லெஸ் பிளேடு, ஓரளவு முரட்டுத் தாடி, தினமும் சவரம் என்றால் நான்கு முதல் ஆறு தடவை. தாடி மென்மையாக இருப்பவர்களுக்கு ஏழு, எட்டு வரைகூடப் போகும். ட்ரீட் கறுப்பு மாதிரியான கார்பன் ஸ்டீல் பிளேடு என்றால் ஒன்று முதல் மூன்று. தலையை மழிப்பவர்களுக்கு எந்த பிளேடாக இருந்தாலும் இதைவிடக் குறையலாம். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் பொதுவாகச் சொல்லும் அளவு 5 முதல் 7 சவரம். அதில் கார்ட்ரிட்ஜ், பயன்படுத்தித் தூக்கிப்போடும் ரேஸர் எல்லாம் அடக்கம். ஆகவே உங்களோடு வேலை செய்பவர் சொல்லும் மூன்றும் தப்பில்லை, ஏழும் தப்பில்லை. அப்பாவின் ஒரு மாதக் கணக்குக்குப் பிறகு வருகிறேன், அதில் பாதி உண்மை இருக்கிறது.

பிளேடு எப்படி மழுங்குகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இந்த பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம். தாடி முடி ஒன்றின் பருமனும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எஃகோடு ஒப்பிட்டால் முடி ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அவ்வளவு மென்மையான பொருள் எஃகை எப்படிக் கெடுக்கும்? தேய்ந்து தேய்ந்து விளிம்பு உருண்டு போகிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2020-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவரம் செய்த பிளேடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, முடியை வெட்டும்போதே கவனித்து, 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது வேறு. விளிம்பு உருள்வதைவிட, அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. ஒவ்வொரு சில்லும் முடியின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எல்லா முடியும் இப்படிச் செய்வதில்லை. வெட்டுப்படாமல் வளைந்துகொடுக்கும் முடி, விளிம்பை நேராக இல்லாமல் சாய்வாகச் சந்திக்கும்போது, அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாவிட்டால், சில்லு தெறிக்கிறது. ஒரு சில்லு விழுந்தால் அதன் ஓரம் அடுத்த சில்லுக்கு வழி. பிளேடு கடைசியில் நுண்ணிய ரம்பம் மாதிரி ஆகி, வெட்டுவதற்குப் பதில் முடியைக் கவ்வி இழுக்கிறது. தாடையில் நீங்கள் உணர்வது இதைத்தான்.

இதிலிருந்து நடைமுறைக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: பிளேடின் ஆயுளை நாள் கணக்கில் பார்க்காதீர்கள், அது எப்படிப்பட்ட முடியை, எந்தக் கோணத்தில், எத்தனை இழுப்பு இழுத்தது என்று பாருங்கள். வாரம் ஒருமுறை சவரம் செய்யும் ஒருவரின் பிளேடு ஒரு மாதம் வந்தால் அது நான்கே சவரம். உங்கள் அப்பாவின் ஒரு மாதம் அப்படிப்பட்ட மாதமாக இருந்திருக்கலாம். தினமும் செய்திருந்தால், இழுத்தாலும் பொறுத்துக்கொண்ட தலைமுறை அது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி டம்ளருக்குள் பிளேடை விட்டு விரலால் அழுத்தித் தேய்த்துப் பதம் ஏற்றியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அன்றைய கார்பன் ஸ்டீல் பிளேடில் மேல்பூச்சு எதுவும் கிடையாது, விளிம்பு கொஞ்சம் மடங்கியிருந்தால் அந்தத் தேய்ப்பில் நிமிரும், ஒன்றிரண்டு சவரம் கூடுதலாகக் கிடைக்கும். 1962-இல் வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனம் ஸ்டெயின்லெஸ் பிளேடைப் பிரபலமாக்கிய பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்றைய பிளேடில் குரோமியம், பிளாட்டினம் போன்ற கடினப் பூச்சும், அதன்மேல் வழவழப்புக்காக டெஃப்ளான் வகைப் பூச்சும் இருக்கின்றன. டம்ளரிலோ ஜீன்ஸ் துணியிலோ தேய்த்தால் அந்த மேல்பூச்சு போகும், தெறித்த சில்லு திரும்ப ஒட்டாது. ஜீன்ஸில் தேய்த்து மாதக்கணக்கில் ஓட்டுகிறேன் என்பவர்களை நான் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், அவர்கள் தாடியும் பொறுமையும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டாம்.

சரி, வளைந்து தப்பாமல் சட்டென்று வெட்டுப்படும் முடிதான் பிளேடைக் காக்கும் என்றால், முடியை எப்படி எளிதாக வெட்டுப்படும் நிலைக்குக் கொண்டுவருவது? தண்ணீர். வேறு எதுவும் இதற்கு ஈடில்லை. உலர்ந்த தாடி முடி விறைப்பாக நிற்கும், நன்றாக ஊறிய முடி வெட்டுவதற்கு வெகு குறைந்த விசையே போதும். ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து ஈரம் வேண்டும். முகத்தில் ஒரு கை தண்ணீர் அடித்து உடனே நுரை போடுவது போதாது. குளித்து முடித்த கையோடு செய்யுங்கள், அல்லது ஈரத் துண்டை முகத்தில் போட்டுப் பல் துலக்குங்கள். வெந்நீர் ஊறுவதைக் கொஞ்சம் விரைவாக்கும், அவ்வளவுதான். வாட்டர் ஹீட்டர் இல்லாத வீட்டில் பச்சைத்தண்ணீரிலேயே ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும். அடுத்தது சோப்பு. முகத்தின் எண்ணெய்ப் பசையைப் போக்கினால்தான் தண்ணீர் முடிக்குள் போகும். சவரத்துக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது நம்மவர்களிடம் பரவலான பழக்கம். சிலருக்குத் தோல் எரிச்சல் குறைகிறது. ஆனால் முடி ஊறுவதற்கு முன்பே எண்ணெய் போட்டால் ஊறுவது தடைப்படும். போட்டே ஆகவேண்டும் என்றால் நன்றாக ஊறிய பிறகு இரண்டு சொட்டு, அதன்மேல் நுரை.

நம் ஊரில் யாரும் கவனிக்காத ஒன்று மின்விசிறி. மின்விசிறிக் காற்றிலோ ஏர்கண்டிஷன் அறையிலோ கண்ணாடி முன் நின்று சவரம் செய்தால், ஒரு கன்னம் முடிப்பதற்குள் மறு கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளைத் தோலாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பிளேடை இழுப்பது உலர் சவரத்துக்குச் சமம். நுரை மினுமினுப்பாக, விரலால் தொட்டால் வழுக்க வேண்டும். வெண்மையாக உப்பி, காற்றடைத்ததுபோல இருந்தால் தண்ணீர் போதவில்லை, பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டு மறுபடி சுழற்றுங்கள். ஸ்ப்ரே டின் நுரையில் இந்தக் குறை அதிகம். அதையே ஈரக்கையால் தேய்த்து ஒரு நிமிடம் விட்டால் ஓரளவு தேறும்.

கோணமும் கைப்பாரமும் இன்னொரு பாதி. கார்ட்ரிட்ஜிலிருந்து வருபவர்கள் அநேகமாக எல்லோரும் அழுத்துகிறார்கள், கார்ட்ரிட்ஜ் அப்படிப் பழக்கிவிடுகிறது. பழைய மாதிரி ரேஸர் உலோகம், அதன் எடையே போதும். மேல்மூடியைக் கன்னத்தில் படியவைத்து, பிளேடு முடியைத் தொடும் ஓசை கேட்கும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே சுமார் 30 டிகிரி இருக்கும் இடம் அதுதான். அதற்குமேல் செங்குத்தாகப் பிடித்தால் வெட்டாது, சுரண்டும். அங்கேதான் தோலும் போகும் விளிம்பும் போகும். முடிதிருத்தும் வேலை கற்றுக்கொள்ள வருபவருக்கு முதலில் சொல்வது வாட்டம் பார், அதாவது முடி படுத்திருக்கும் திசையைப் பார் என்பது. கழுத்தில் பலருக்கு முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ படுத்திருக்கும். இரண்டு நாள் தாடியை விரலால் தடவி எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் உறுத்துகிறது என்று பார்த்து, முதல் சுற்றை வாட்டத்திலேயே முடியுங்கள். எதிர்வாட்டம் வேண்டுமென்றால் மறுபடி நுரை போட்டு இரண்டாம் சுற்றில். வேலைக்குப் போகும் முகத்துக்கு வாட்டத்தில் ஒரு சுற்று, குறுக்காக ஒரு சுற்று தாராளம். மூன்று சுற்று போடுபவரின் ஐந்து சவரமும் ஒரு சுற்றோடு நிறுத்துபவரின் ஐந்து சவரமும் பிளேடுக்கு ஒன்றல்ல. இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிளேடு சரியாக உட்காராததையும் பிளேடு மழுங்கியதென்று நினைத்துவிடுவார்கள். மூன்று பாகமாகக் கழலும் ரேஸர் என்றால் மூடியைத் தலைகீழாக வைத்து, பிளேடை அதன் குட்டையான இரண்டு முனைகளில் மட்டும் பிடித்துப் போட்டு, அடித்தட்டை வைத்து, அதே குட்டை முனைகளை விரலால் அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியைத் திருகுங்கள். முடிந்ததும் தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கடிக்கும், மறுபக்கம் வெட்டாது. கைப்பிடியைத் திருகினால் இரண்டு கதவு போலத் திறக்கும் ரேஸர் என்றால் கீல்களில் சோப்பு இறுகி, கதவு முழுதாக மூடாமல் பிளேடு அதிரும். பழைய பல்துலக்கியும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும்.

இன்னொன்று. பல பிளேடுகளின் நான்கு மூலையிலும் 1, 2, 3, 4 என்று எண் அச்சடித்திருக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர் தெரியாமலேயே ரேஸரின் ஒரு பக்கத்தை அதிகம் பயன்படுத்துவார். கடினமான மோவாய்க்கும் மேலுதட்டுக்கும் எப்போதும் அதே பக்கம்தான் போகும். பாதி பிளேடு தேய்ந்து மறுபாதி புதிதாகவே இருக்கும் நிலையில் தூக்கிப்போடுவார்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை கைப்பிடியை விரலில் சுழற்றிப் பக்கம் மாற்றினால் இது தீரும். பிளேடைத் தினமும் கழற்றிப் புரட்டிப் போட்டால் ஆயுள் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கழற்றும்போது விளிம்பு எங்கேயாவது இடிக்கும் வாய்ப்பும், விரல் வெட்டும் வாய்ப்பும் நிச்சயம் உண்டு. போட்ட பிளேடை முடியும் வரை கழற்றாமல் வைப்பதுதான் என் விருப்பம்.

இப்போது உங்கள் பழுப்புப் புள்ளி. ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. பிளேடு எஃகில் குரோமியம் ஏறத்தாழ 13 சதவீதம். சமையலறைச் சட்டி பானையில் பொதுவாக 18. பிளேடு கடினமாக இருக்கவேண்டும் என்பதற்காக கார்பன் கூடுதலாகச் சேர்க்கிறார்கள், அது துரு எதிர்ப்பைக் குறைக்கிறது. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கட்டும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் பிளேடைக் காப்பது. மூடிக்கும் பிளேடுக்கும் நடுவே தண்ணீர் சிக்கிக்கொண்டால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்து படலம் சிதையும், குழாய்த்தண்ணீரில் உள்ள குளோரைடு அதை இன்னும் விரைவாக்கும். பினாங்கின் ஈரக்காற்றில், ஜன்னல் இல்லாத குளியலறையில் வைத்த ரேஸருக்குள் அந்தத் தண்ணீர் மறுநாள் காலை வரை காயாது. கடற்கரைப் பக்கத்து வீடென்றால் உப்புக்காற்றும் சேரும். பொதுவாகப் புள்ளி வருவது நடுவில் உள்ள நீளத் துளையைச் சுற்றித்தான், விளிம்பில் அல்ல.

ஆனால் அது துருதானா என்று முதலில் பாருங்கள். அடுத்த தடவை பிளேடு மாற்றும்போது, கழற்றிய பழைய பிளேடின் நடுப்பகுதியை ஈரமான காது பஞ்சுக்குச்சியால் தேயுங்கள். துடைத்ததும் போய், கீழே பளபளவென்று இருந்தால் அது தண்ணீரோடு வந்த இரும்புக் கறையோ சோப்புப் படிவோதான். பழைய அடுக்குமாடிகளில் இரும்புக் குழாய் இன்னும் இருக்கும், ஒருநாள் தண்ணீர் நின்று வந்தால் முதல் குடம் பழுப்பாக வரும் வீடு என்றால் சந்தேகம் அங்கே. தேய்த்த பிறகும் குழிகுழியாகத் தெரிந்தால் உண்மையான துரு. சில பிளேடுகளில் உறையோடு ஒட்டிக்கொள்வதற்காக வைத்த மெழுகு அல்லது பசைப் பொட்டும் தண்ணீர் பட்டபின் மஞ்சளாகத் தெரியும், அதுவும் துருவல்ல. புத்தம்புது பிளேடு முதல் சவரத்துக்கு மறுநாளே விளிம்பு நெடுகப் பழுத்துப் போனால் கார்பன் ஸ்டீலா என்று உறையைப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தும் அப்படியானால் போலிச் சரக்காக இருக்கலாம். உறை மடிப்பு கோணல், அச்சு மங்கல், எழுத்துப்பிழை, ஒரே பாக்கெட்டில் ஒரு பிளேடு நன்றாகவும் அடுத்தது கரடாகவும் இருப்பது எல்லாம் அதன் அடையாளம். ஷாப்பி, லஸாடா போன்ற இணையக் கடையில் வாங்கினால் வழக்க விலையைவிட நம்பமுடியாத அளவு மலிவானதை விட்டுவிடுங்கள்.

துருவால் டெட்டனஸ் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது, துரு அதை உண்டாக்குவதில்லை. துருப்பிடித்த ஆணி மிதித்தால் வருவது ஆணியில் ஒட்டிய மண்ணால். குளியலறை பிளேடில் அந்த அபாயம் மிகக் குறைவு. உங்கள் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். விளிம்பில் துரு ஏறிய பிளேடைப் போடவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அது தோலைக் கிழிக்கும், கிழிந்த மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வரும். அதைவிடப் பெரிய அபாயம் பிளேடைப் பகிர்வது. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். அப்பாவும் மகனும்கூட ஒரே பிளேடைப் பகிரக்கூடாது. கழுவினாலும், ஸ்பிரிட்டில் முக்கினாலும் அது ஈடாகாது. இதே காரணத்தால்தான் முடிதிருத்தும் கடையில் ஆளுக்குப் புதுப் பாதி பிளேடு. உறையோடு மடித்து ஒடித்துப் போடுவதை உங்கள் கண்முன் செய்யச்சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ மொட்டை போடுபவர்களும் ஒரு தலைக்கு ஒரு புது பிளேடு என்பதைக் கேட்டு வாங்கவேண்டும். அங்கே கூட்ட நெரிசலில் அவசரம்தான் முதலில் வரும்.

துருவைத் தடுக்கச் செய்யவேண்டியது சின்ன வேலை. முடிந்ததும் குழாயடியில் இரண்டு பக்கமும் கழுவி, கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்தி இன்னொருமுறை தண்ணீர் விட்டு, நன்றாக உதறி, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் திருகி இறுக்க மறக்காதீர்கள். துண்டால் விளிம்பைத் துடைக்கக்கூடாது, கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் தட்டவும் கூடாது. இன்னும் செய்ய ஆசைப்பட்டால் சிறு கிண்ணத்தில் மருந்துக்கடை ஆல்கஹால் ஊற்றி ரேஸர் தலையை ஒருமுறை முக்கி எடுங்கள், தங்கிய தண்ணீரை அது வெளியேற்றிச் சீக்கிரம் காயும். குளோரக்ஸ் மாதிரியான பிளீச்சில் முக்கிவிடாதீர்கள், எஃகைக் குழிகுழியாக அரித்துவிடும். படிகாரம் தேய்த்த ஈரக் கையோடு பிளேடைத் தொட்டாலும் கழுவிவிடுங்கள், படிகாரக் கரைசல் புளிப்புத் தன்மையுள்ளது. இவ்வளவும் செய்தால் துரு குறையும் என்பது உறுதி. கூர்மை எத்தனை சவரம் கூடும் என்பது அவ்வளவு உறுதியல்ல. சில்லுத் தெறிப்பதுதான் முதல் காரணம் என்பதால், காயவைப்பதில் ஸ்டெயின்லெஸ் பிளேடுக்குக் கிடைக்கும் லாபம் ஒரு சவரத்துக்கு மேல் இருக்காது என்பது என் கணிப்பு. கார்பன் ஸ்டீல் பிளேடுக்கு மட்டும் அது பிழைப்பா சாவா என்ற விஷயம்.

பிளேடு முடிந்ததை எப்படிக் கண்டுகொள்வது? கன்னத்தில் சோதிக்காதீர்கள், அங்கே மழுங்கிய பிளேடும் ஓடும். மோவாயும் மேலுதடும்தான் முடி கெட்டியாக அடர்ந்த இடம். அங்கே முதல் இழுப்பில் முடியைப் பிடித்து இழுக்கும் உணர்வு வந்தால் முடிந்தது. ஓசையும் மாறும். நல்ல பிளேடு மொறுமொறுவென்று சீராகக் கேட்கும், மழுங்கியது விட்டுவிட்டுக் கேட்கும் அல்லது ஓசையே அடங்கிவிடும். இதற்கு முன்பு ஒரே இழுப்பில் மழிந்த இடத்துக்கு மூன்று இழுப்பு தேவைப்படுகிறது என்றாலும் அதேதான். எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி படிகாரக் கல். சவரம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் முகம் கழுவி, ஈரமான படிகாரத்தைத் தடவுங்கள். லேசான குளுமையோடு போனால் பிளேடு நன்றாக இருக்கிறது. நேற்று எரியாத இடம் இன்று எரிகிறது, அதே சோப்பு, அதே கை என்றால், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கிறது, நாளைக்குப் புது பிளேடு.

உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பாக்கெட் செலவாகும். ஒரே பிராண்ட், ஒரே சோப்பு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சவரத்துக்கும் கண்ணாடி ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு. மோவாயில் இழுத்த நாளை எழுதுங்கள். ஐந்து பிளேடு முடிந்ததும் அவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுத்து அதில் ஒன்று கழியுங்கள். ஐந்து, ஆறு, ஐந்து, ஏழு, ஆறு என்று வந்தால் உங்கள் எண் நான்கு. இனி இழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் சவரம் கொஞ்சம் கரடாகவும் இரண்டாவது வழவழவென்றும் இருந்தால் கவலைப்படாதீர்கள். மேலே உள்ள டெஃப்ளான் பூச்சு முதல் சில இழுப்பில் விளிம்பிலிருந்து பின்னுக்குத் தள்ளப்படுவதால் பலருக்கு அப்படித் தோன்றும். இதற்காகவே புது பிளேடைக் கார்க்கில் குத்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபெதர் மாதிரி மிகக் கூரான பிளேடு முதல் நாள் கடிக்கிறது என்றால் அதைச் செய்வதைவிடச் சற்று மென்மையான பிராண்டுக்கு மாறுவது புத்திசாலித்தனம். நான்கு நாளைக்கு மேல் வளர்ந்த தாடியை நேராக மழிக்காமல் முதலில் ட்ரிம்மரால் குறையுங்கள், நீள முடி வளைந்துகொடுக்கும், ரேஸரையும் அடைக்கும்.

ஒரு பிளேடு ஒரு ரிங்கிட் என்றே வைத்துக் கணக்குப் பாருங்கள். நான்கு சவரத்துக்கு மாற்றினால் ஒரு சவரம் 25 சென். எட்டு வரை இழுத்தால் 12.5 சென். தினமும் செய்பவருக்கு மாதம் மிச்சம் 3 ரிங்கிட் 75 சென், ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் ஆகும். அதற்காகக் கழுத்து நெடுகச் சிவந்த கொப்புளத்தோடு அலையவேண்டியதில்லை. புது பிளேடு போட்டு, வாட்டத்தில் ஒரே சுற்றோடு நிறுத்தியும் கொப்புளம் வருகிறதென்றால் பிளேடு காரணமாக இருக்காது. சுருட்டை முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்வதால் வருவதாக இருக்கலாம், அதைத் தோல் மருத்துவர்தான் பார்க்கவேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் ரத்தத்தை நீர்க்கச்செய்யும் மாத்திரை எடுப்பவர்களும் சின்னக் கீறலையும் சாதாரணமாக விடக்கூடாது.

தேய்ந்த பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைப் பையில் போடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கையில்தான் அது முடியும். காலியான கெட்டிப்பால் டின்னைக் கழுவிக் காயவைத்து, மூடியில் கத்தி நுனியால் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, பால் ஊற்றிய துளைகளை டேப்பால் மூடி, குளியலறை அலமாரியில் வையுங்கள். பல வருட பிளேடு அதில் கொள்ளும். நிறைந்ததும் கீறலைச் சுத்தியால் தட்டி அடைத்து, பழைய இரும்பு வாங்குபவரிடம் உள்ளே பிளேடு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். பாயான் லெப்பாஸிலிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால் பிளேடு இல்லாத ரேஸரைக் கைப்பையில் வைக்கலாம், பிளேடைச் சரக்கோடு அனுப்பும் பெட்டியில் போடவேண்டும். இல்லாவிட்டால் சோதனையில் பாக்கெட்டோடு எடுத்துவைத்துவிடுவார்கள்.